பிரிக்காத மூட்டம்

யுத்த காலத்தில் பெட்ரோல் கிடைக்காமல் நான் ஓட்டிய பஸ் மரக்கரியில் ஓடியது. கொல்லிமலை அடிவாரத்தில் எங்களுக்குக் கரி கொண்டுவந்து போட்டவர் மலைமேல் வளப்பூர் நாடு என்ற பகுதியைச் சேர்ந்தவர். புருவம்கூடக் கருகிய முகம். மரத்தை அடுக்கி, மண்ணால் மூடி, உள்ளே தீ வைத்துக் கரியாக்கி, ஆறியபின் பிரித்தெடுக்கும் மூட்டம்தான் அவர் தொழில். எங்கே உட்கார்ந்தாலும், சூடு ஆறியதா என்று பார்ப்பவர்போல உள்ளங்கையைத் தரையில் வைத்துக்கொள்வார்.

வடக்கே நிலக்கரிச் சுரங்கத்துக்கு வேலைக்குப் போன அவர் மகன் மண் சரிந்து உள்ளேயே புதைந்துபோனான். உடலை எடுக்கவில்லை.

ஒருநாள் கேட்டார். "ஏனுங்க, அந்தச் சொரங்கத்துக் கரி எப்படிங்க ஆவுது?"

"மண்ணுக்குள்ள பொதஞ்ச மரந்தானுங்க. ரொம்பக் காலங் கெடந்து கரியாயிருது."

உள்ளங்கையைத் தரையில் அழுத்தி வைத்தார்.

"நாங்க மூட்டம் போட்டாப் பிரிச்சு எடுத்துருவமுங்க" என்றார்.

அன்று மழையில் தரை சில்லிட்டுக் கிடந்தது. நான் பஸ்ஸைக் கிளப்பும்போதும் அவர் கையை எடுக்கவில்லை.