லஃப்கின் பெயரில் ஃபெலிக்ஸ்

அந்தக் காலத்து நியூயார்க்கில் சிகரெட் பெட்டி நசுங்காமலிருக்க உள்ளே ஓர் அட்டை வைப்பார்கள். வெறும் அட்டையை எவன் பார்ப்பான் என்று அதில் பேஸ்பால் ஆட்டக்காரர்களின் புகைப்படத்தை ஒட்டினார்கள். அப்படியொரு தொழிற்சாலையில் அட்டை வெட்டுகிறவள் ஹனோரா டோலன். அவள் புருஷன் ஃபெலிக்ஸும் அட்டையில் ஏறிய ஆட்டக்காரன். படத்தில், ஸ்டுடியோ கூரையிலிருந்து நூலில் தொங்கிய பந்தை, பறந்து வருவதைப் பிடிப்பவன்போல அண்ணாந்து பார்த்து நின்றான். நூலில் கட்டினால்தான் இவன் பிடிப்பான் என்றார்கள், மைதானத்தில் அவனைப் பார்த்தவர்கள்.

மார்ச்சில் டைபாய்டு வந்து ஃபெலிக்ஸ் செத்தான். ஏப்ரலில் வேலைக்கு வந்துவிட்டான். இருபத்துநாலு பேரை ஒரே கண்ணாடி நெகட்டிவ் தகட்டில் பதித்திருந்தார்கள். மொட்டைமாடியில் வெயில் அடித்த நாளெல்லாம் அதிலிருந்து தாள் தாளாகப் படம் எடுத்து, அட்டையில் ஒட்டி, ஹனோராவிடம் அனுப்பினார்கள். தாளின் கீழ் மூலையில் அவன். வெட்டி எடுத்தால் அடுத்த தாளில் மறுபடி நிற்பான்.

அதைக்கூடப் பொறுத்துக்கொண்டாள். மே மாதம் அவன் காலடியில் வேறு பெயர் இருந்தது: லஃப்கின். அணியில் அவன் இடத்துக்கு வந்தவன்.

"மேஸ்திரி, இது என் வீட்டுக்காரர் மூஞ்சி."

"தெரியும்மா," என்றார் க்ராட்ஸ். "செத்தவன் பேரைப் போட்டா எவன் சிகரெட் வாங்குவான்? ஒருத்தனுக்காக இருபத்துநாலு பேரையும் திரும்பப் படம் புடிக்கவா? பேரைச் சுரண்டி எழுதறது சுலபம். லஃப்கினே ஒண்ணும் சொல்லல."

மறுவாரம் லஃப்கினே வந்து நின்றான்.

"அக்கா, நான் மட்டையைத் தூக்கினா ஜனங்க அட்டையைத் தூக்குது. நீ யாருடாங்குது. சவரம் பண்றப்போ நானும் அவரு மாதிரியே அண்ணாந்து பாக்கறேன். எம் பேரை அவருகிட்டேருந்து வாங்கிக் குடுங்க."

"எனக்கு வெட்ட மட்டுந்தான் தெரியும், தம்பி."

அன்றிலிருந்து மூலை வந்ததும் தாளை லேசாக நகர்த்துவாள். கத்தி பெயருக்குச் சற்று மேலே விழும்; பெயர் கழிவோடு போகும்.

"என்னம்மா, பேரைக் காணோம்?"

"ஒட்டறப்போ மூலை சுருங்கிடுது, மேஸ்திரி."

க்ராட்ஸ் அவளையும் அட்டையையும் மாறி மாறிப் பார்த்தார். பெட்டிக்கு அனுப்பிவிட்டார்.

ஒரு சாயங்காலம், அந்த ஊர் வழக்கப்படி, வாளியில் பீர் வாங்கப் போனாள். மதுக்கடையில் அந்த அட்டையை வைத்துக்கொண்டு இரண்டு பேர் மல்லுக்கட்டினார்கள். ஒருவன் அவளிடமே நீட்டினான்.

"இவன் யாருன்னு உனக்காவது தெரியுமா?"

"ஃபெலிக்ஸ் டோலன்."

"போம்மா. அவன் செத்து மண்ணாயிட்டான். இது இந்த வருஷத்து அட்டை."

அவன் பென்சிலை எச்சிலில் நனைத்து, படத்தின் பின்னால் பாஸ்டன் ஆட்டக்காரன் எவனுடைய பெயரையோ அழுத்தி எழுதிக்கொண்டான்.