தனித்தொட்டியில் ஒரு கௌராமி

மாமனார் அந்த மீனைக் கொண்டுவந்த நாளில் நான் நாவலூர் அலுவலகத்திலிருந்து திரும்பி, செருப்பைக்கூடக் கழற்றியிருக்கவில்லை. கூடத்தில் மீன் தொட்டிக்கு முன்னால் நின்றிருந்தார். கையில் ஊதிய பிளாஸ்டிக் கவர். உள்ளே நீல நிறத்தில் ஒரு கௌராமி.

"மார்க்கெட் பக்கம் போனேன்மா. அழகா கீதேன்னு வாங்கினேன். உட்றட்டா?"

"வேணாம் மாமா. கொஞ்சம் இருங்க" என்றேன். குரல் நான் நினைத்ததைவிடக் கடுமையாக வந்துவிட்டது.

அத்தை இறந்தபின் குன்றத்தூர் வீட்டை வாடகைக்கு விட்டுவிட்டு, எங்கள் தாம்பரம் ஃபிளாட்டுக்கு அப்போதுதான் வந்திருந்தார். அவர் எங்களுக்காக வாங்கிவந்த முதல் பொருள் அந்த மீன். அது எனக்குத் தெரியாமல் இல்லை. ஆனால் என் முதல் தொட்டி இப்படித்தான் போயிருந்தது. கடையில் துறுதுறுவென்று நீந்திய மீன்களைக் கவர் தண்ணீரோடு கொட்டினோம். சில நாளில் எல்லா மீன்களின் மேலும் உப்பைத் தூவியதுபோல வெள்ளைப் புள்ளிகள். ஒன்றும் மிஞ்சவில்லை. அதன்பிறகு கடையிலிருந்து வரும் எந்த மீனையும் நான் நம்புவதில்லை.

பால்கனிக் கதவோரம் ஒரு சிறிய கண்ணாடித் தொட்டியை வைத்து, தண்ணீர் நிரப்பி, குளோரின் போக மருந்து விட்டு, தண்ணீர் சீக்கிரம் கெடாமலிருக்கப் பெரிய தொட்டியின் ஃபில்டரில் ஊறிக்கிடந்த ஸ்பாஞ்சு ஒன்றையும் போட்டேன். கவரைக் கொஞ்ச நேரம் மிதக்கவிட்டு, தொட்டித் தண்ணீரைச் சிறிது சிறிதாகக் கவருக்குள் ஊற்றி, கடைசியில் மீனை மட்டும் விட்டேன். கடைத் தண்ணீர் சிங்க்கில் போனது. மாமனார் பார்த்துக்கொண்டே நின்றார்.

"எத்தினி நாளு தனியா கெடக்கணும்?"

"ஒரு மாசம் போகட்டும் மாமா. உள்ள நோய் இருந்தா உடனே வெளிய தெரியாது."

"நல்ல மீனுதான்மா" என்று சொல்லிவிட்டு அறைக்குள் போய்விட்டார்.

அந்த வாரம் முழுக்க வேலைக்குக் கிளம்புமுன் அந்த மீனை டார்ச் அடித்துப் பார்ப்பேன். துடுப்பை மடக்குகிறதா, கண்ணாடியில் உரசுகிறதா, மூச்சு வேகமாக வாங்குகிறதா. அது மூலையில் அசையாமல் நின்று என்னையே பார்க்கும். பகலெல்லாம் வீட்டில் இருப்பவர் மாமனார் மட்டும்தான். அவர் மேலும் ஒரு கண் வைத்திருந்தேன். நான் இல்லாதபோது பாவம் பார்த்து அதைப் பெரிய தொட்டியில் விட்டுவிடுவார் என்று தோன்றிக்கொண்டே இருந்தது.

"உங்க அப்பா கைய வச்சிடுவாரோன்னு பயமா இருக்கு" என்றேன் கணவரிடம்.

"மீனையும் சந்தேகப்படுற, அப்பாவையும் சந்தேகப்படுற" என்றார்.

ஒருநாள் மாலை பெரிய தொட்டியில் ஆரஞ்சு நிறப் பிளாட்டி மீன் ஒன்றைக் காணவில்லை. செத்துக் கிடக்கிறதா என்று கல்லைப் புரட்டினேன், ஃபில்டரைக் கழற்றினேன். எங்கும் இல்லை. வேறென்னவோ தோன்றிச் சிறிய தொட்டிக்குப் போனேன். கௌராமிக்குப் பின்னால் பிளாட்டி நீந்திக்கொண்டிருந்தது.

நான் தப்பான திசையைக் காவல் காத்திருந்தேன்.

"மாமா, இது இங்க எப்படி வந்துச்சு?"

அவர் மறைக்கவில்லை. "தனியா நின்னுகினே இருந்துச்சுமா. பேஜாரா இருந்துது பாக்க. தொணைக்கு ஒண்ணு உட்டேன்."

"எந்த வலைல புடிச்சீங்க?"

"வலையெல்லாம் இல்ல. டம்ளர்ல மொண்டேன்." என் முகத்தைப் பார்த்துவிட்டு, "என் டம்ளர்தான்" என்றார்.

"அந்த டம்ளர மறுபடி பெரிய தொட்டிக்குள்ள விட்டீங்களா?"

"இல்லம்மா."

நான் நம்பினேனா என்று கேட்டால், பாதிதான்.

சில நாளில் இரண்டின் மேலும் புள்ளிகள் வந்தன. முதலில் பிளாட்டியின் வாலில், பிறகு கௌராமியின் துடுப்பில். ஹீட்டர் வைத்து மெல்லச் சூடேற்றி, மருந்து ஊற்றினேன். தண்ணீர் மாற்றுவதை மாமனார் தானே எடுத்துக்கொண்டார். அந்த வாளியும் துணியும் பெரிய தொட்டிப் பக்கம் போகாமல் பால்கனியிலேயே வைத்தார். நான் சொல்லாமலே கையைச் சோப்புப் போட்டுக் கழுவினார்.

பிளாட்டி பிழைக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை காலை அவர்தான் பார்த்தார். அன்று அவர் சரியாகச் சாப்பிடவில்லை. "நான்தான் கொண்டாந்து உட்டேன்" என்று ஒருமுறை சொன்னார். எனக்குக் கோபம் இருந்தது. ஆனாலும் அவர் தட்டில் இன்னொரு இட்லி வைத்து, "புதுசுக்கு ரெண்டு நாளா புள்ளி கொறஞ்சிருக்கு மாமா" என்றேன். எழுந்து போய்ப் பார்த்துவிட்டு வந்து சாப்பிட்டார்.

பெரிய தொட்டியில் ஒரு புள்ளிகூட வரவில்லை. டம்ளர் விஷயத்தில் அவர் சொன்னது உண்மைதான்.

புள்ளிகள் முழுதும் மறைந்தபின்னும் நான் நாளைத் தள்ளிக்கொண்டே போனேன். அவரும் அவசரப்படுத்தவில்லை. கடைசியில் ஒரு மாலை, பெரிய தொட்டியின் விளக்கை அணைத்து, பழைய மீன்களுக்கு ஒரு மூலையில் தீனி போட்டு, எதிர்மூலையில் கௌராமியை விட்டோம். அது நேராக மரக்கட்டைக்குப் பின்னால் போய் ஒளிந்துகொண்டது. பிளாட்டிகள் ஒவ்வொன்றாக வந்து எட்டிப் பார்த்தன.

"இன்னாமா, சேந்துக்குமா?"

"தெரியல மாமா. பாக்கலாம்."

இருவரும் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தோம். நான் டார்ச்சைக் கீழே வைக்கவில்லை.