ஏரி நிலவரம்

இன்று காலைப் பத்திரிகையின் மூலையில், பாகூர் ஏரி நிரம்பியதாகச் செய்தி. அப்பா நினைவு வந்துவிட்டது.

பிரெஞ்சுக்காரர் காலத்தில் பெயர் போடாமல் மதராஸ் பத்திரிகைக்குச் செய்தி அனுப்பியவர் அவர். எதைப் பேசினாலும் எழுதினாலும் ஏரியில் எவ்வளவு தண்ணீர் என்று சொல்லித்தான் முடிப்பார். அந்த வரியைப் பத்திரிகையில் வெட்டிவிடுவார்கள். மேயரின் அடாவடியைப் பற்றி எழுதியபோது மட்டும் அது அப்படியே அச்சாகிவிட்டது.

போலீஸ்காரர் பத்திரிகையோடு வந்து மளிகைக்கடை பாயிடம், “ஊர்ல எப்பவும் ஏரிக் கணக்கு பேசறது யாருய்யா?” என்றார்.

“தெரியாதுங்க. ஏரி முக்காவாசி ரொம்பிடுச்சு.”

பால்காரம்மாவைக் கேட்டார்.

“எனக்கு இன்னா தெரியும்? ஏரி இன்னும் ஒரு முழம் ஏறணும்.”

ஊரே அன்று அப்படித்தான் பேசியது. கடைசியில் எங்கள் வீட்டுக்கு வந்தார். அப்பா ஒருவர்தான் ஏரியைப் பற்றி வாயே திறக்கவில்லை.