இருபத்து மூன்று மில்லி

கூடலூர் பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே ஜெராக்ஸ் கடை வைத்திருக்கும் யுவராணிக்குத் தன் விரல்கள்மேல் அப்படியொரு பெருமை. விசைப்பலகையில் இல்லாத குறிகளைக்கூட எதையும் பார்க்காமல் போட்டுவிடுவாள். ஆல்ட் பொத்தானை அழுத்தியபடி சில எண்களைத் தட்டினால் பெருக்கல் குறியோ நீளக் கோடோ திரையில் வந்து நிற்கும். அல்லிநகரத்தில் டைப்பிங் படித்த காலத்திலேயே அந்த எண்களெல்லாம் மனப்பாடம். இரண்டு எண்களுக்கு நடுவே சாதாரணச் சிறு கோடு போடுவது அரைகுறைகளின் வேலை என்பாள்.

போன மழைக்காலத்தில் திராட்சை விவசாயிகள் சிலர் சேர்ந்து, புதிதாக வந்த சத்து மருந்து ஒன்றுக்குத் துண்டறிக்கை அடிக்கச் சொன்னார்கள். லிட்டர் தண்ணீருக்கு இரண்டு முதல் மூன்று மில்லி. அவள் வழக்கம்போல நடுவில் நீளக் கோட்டைப் போட்டாள். தேனியில் இருந்த அச்சகம் அவளுடைய பழைய எழுத்துருவைத் தங்கள் எழுத்துருவுக்கு மாற்றியது. அந்தக் கோட்டுக்கு உரிய எண்ணில் அங்கே எந்த உருவமும் இல்லை. கோடு காணாமல் போய், இரண்டும் மூன்றும் ஒட்டிக்கொண்டன. அடிப்பதற்கு முன் சரிபார்க்க மாதிரி அவள் கைப்பேசிக்கு வந்தது. தலைப்பின் அழகைப் பார்த்துவிட்டு, சரி என்று அனுப்பினாள்.

முதலில் மருந்தடித்தவர் வேல்பாண்டி. நாலாம் நாளே அவர் தோட்டத்துப் பந்தல் முழுக்க இலைகள் கருகி, பிஞ்சுகள் கொட்டிவிட்டன. கடைக்கு வந்த இருவர் அதைச் சொல்லிச் சிரித்தார்கள். எழுத்துக் கூட்டிப் படிக்கிற ஆள் மருந்தடித்தால் இரண்டு மூன்று மில்லி இருபத்து மூன்றாகத்தான் தெரியும் என்றார்கள். மேசையில் மிச்சமிருந்த துண்டறிக்கையில் யுவராணியின் கண் அப்போதுதான் விழுந்தது. 23. அவர்கள் சிரிப்பு ஓயவில்லை. அவளும் சிரித்துவைத்தாள்.

மறுநாள் வேல்பாண்டியே வந்தார். மடித்த துண்டறிக்கையை அவள் முன்னால் விரித்தார்.

"என்ன போட்டிருக்குன்னு நீ படிச்சுச் சொல்லு தாயி. எல்லாரும் எனக்குப் படிக்கத் தெரியலங்கிறாக."

அச்சகத்தைச் சொல்லித் தப்பிக்க அவளுக்கு வழி இருந்தது. நாக்கு வரைக்கும் வந்ததை விழுங்கினாள்.

"நீங்க சரியாத்தாண்ணே படிச்சிருக்கீக. ரெண்டுலருந்து மூணுன்னு இருக்கணும். நடுவுல கோடு விட்டுப்போச்சு. எங்கிட்டத்தான் பாக்க அனுப்புனாக, நான் பாக்கல."

அவர் தாளிலிருந்து கண்ணை எடுக்காமலே கேட்டார்.

"நேத்து இங்கன வச்சுச் சிரிச்சாகளாமே. நீயும் இருந்தியா?"

"இருந்தேன்."

"அப்பவே தெரியுமா ஒனக்கு?"

"தெரியும்."

அவர் தாளை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு படியிறங்கிப் போனார். ஒரு வார்த்தை வைதிருந்தால்கூட அவளுக்கு ஆறியிருக்கும்.

அன்றே கடையைப் பூட்டிவிட்டு, துண்டறிக்கை போன வீடுகளுக்கெல்லாம் நடந்தாள். ஒவ்வொரு வாசலிலும் தன் தப்பைச் சொல்லி, பேனாவால் அடித்துத் திருத்திக் கொடுத்தாள். சிரித்த அந்த இருவரிடமும் போய்ச் சொன்னாள். அவர்கள் இதற்கும் சிரித்தார்கள்.

மறுநாள் காலை தோட்டத்துக்குப் போனாள். வேல்பாண்டி பந்தலுக்கடியில் கருகிய கொடியை வெட்டிக்கொண்டிருந்தார். அவர் மனைவி ஜக்கம்மா வெட்டி விழுந்ததை அள்ளிக்கொண்டிருந்தாள். இருவரும் அவளை வா என்றும் சொல்லவில்லை, போ என்றும் சொல்லவில்லை. யுவராணி சேலையைச் செருகிக்கொண்டு குனிந்து பொறுக்கத் தொடங்கினாள். வெகுநேரம் கழித்து வேல்பாண்டி, அவளைப் பார்க்காமலே சொன்னார்.

"வேரு கெடல. தளிர் வந்துரும்."

அவளுக்கு அழுகை முட்டியது. இங்கே அழுவதற்குத் தனக்கு என்ன யோக்கியதை என்று அடக்கிக்கொண்டு, கருகிய கொடிக்கட்டு ஒன்றை வரப்போரத்துக்குச் சுமந்து போனாள்.