அம்மா கழற்றித் தந்த தாலிக்கொடி

நாங்கள் இருந்த எசன் நகரில் எங்களுக்குத் தெரிந்த தமிழ்ப் பெண்களில் மரதன் ஓடியவர் அம்மா ஒருவர்தான். அந்தப் பெருமை ஒரு பக்கம் இருக்கட்டும். அதற்காக அவர் கழற்றிய பதினொரு பவுண் தாலிக்கொடி, ஒன்பது வயதுக்காரியான என் ஜக்கெற் பைக்குள் கிடந்ததை நினைத்தால் இன்றும் கை தானாகப் பையைத் தடவிப் பார்க்கிறது.

பயிற்சி ஓட்டங்களில் அது அடித்து அடித்து நெஞ்சு கன்றிப்போயிருந்ததாம். தொடங்கும் இடத்தில் ஒருவரும் பார்க்காமல் என் கையில் திணித்தார்.

"கவனம் பிள்ளை. மாமிக்குச் சொல்லிப்போடாதை."

மாமி அப்பாவின் அக்கா. அப்பாவுக்கு அன்று வேலை என்பதால் எனக்குத் துணையாக வந்திருந்தார். பெண்கள் காற்சட்டையோடு ஓடுவதே அவருக்குப் பிடிக்காது. வெறுங்கழுத்தோடு ஓடுவது தெரிந்தால் கேட்கவே வேண்டாம்.

ஓட்டம் நடந்த ரைன் ஆற்றங்கரைப் பக்கம் மருந்துக்கும் மேடு கிடையாது. ஏப்ரல் வெயில் சுட்டது. கோட்டைக் கழற்றாமல் மாமி நிற்க, நான் ஜக்கெற்றைப் புல்லில் எறிந்துவிட்டு முப்பதாவது கிலோமீட்டரில் காத்திருந்தேன். அம்மா வருவது வெகு தூரத்திலேயே தெரிந்தது. வந்து சேரத்தான் நேரமெடுத்தது. கைதட்டி அனுப்பிவிட்டு வந்து பையைத் தடவினேன். ஒன்றுமில்லை.

புல்லெல்லாம் கிளறினேன்.

"என்ன தேடுறாய்?"

"ஒண்டுமில்லை, மாமி."

எனக்குத் தெரிந்த தெய்வங்களையெல்லாம் கூப்பிட்டேன். அம்மா ஓடி முடிக்கவே கூடாது என்றுகூட வேண்டினேன். பாவி நான்.

முடித்துவிட்டார். நாங்கள் போய் நின்ற முடிவுக் கோட்டில், முகமெல்லாம் உப்புப் பூத்திருக்க, கழுத்தில் போட்ட பதக்கத்தைப் பார்க்காமல் என்னிடம் கை நீட்டினார். நான் ஓவென்று அழுதேன்.

மாமி கோட்டின் மேல் பொத்தானைக் கழற்றினார். கொடி அவர் கழுத்தில் கிடந்தது.

"பொக்கற்றுக்கு வெளியிலை தொங்கினது. கைப்பையிலை வைக்கப் பயமாக் கிடந்தது, அதுதான் போட்டனான்."

எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது. அழுகையோடு சிரிப்பும் வந்தது. மாமியின் கைகள் கொளுக்கியைத் தேடிப் பிடரிக்குப் போயின. போனவை கொஞ்ச நேரம் அங்கேயே நின்றன.

அம்மா அவரைப் பார்த்தார். "இருக்கட்டும் அக்கா. வீட்டை போய்த் தாங்கோ."

எங்கள் நகைமேல் மாமிக்கு ஆசை வந்துவிட்டது என்று நான் முடிவு கட்டினேன். ரயிலில் எதிரே உட்கார்ந்து, எசன் வரும்வரை அவர் கழுத்திலிருந்து கண்ணை எடுக்கவில்லை. மாமா செத்துப் பன்னிரண்டு வருடம் என்பது எனக்குத் தெரியும். அதற்கும் மாமியின் கழுத்துக்கும் என்ன தொடர்பு என்பதுதான் அந்த வயதில் தெரியாது.