சித்தி கொண்டுவந்த ஊர்கள்

சித்தி மஸ்கட்டிலிருந்து வந்த அன்று, தேயிலைத் தோட்டத்தில் நாங்கள் வரிசை வீடுகளாகக் குடியிருந்த லயத்து வாசலில் கலியாண வீடு மாதிரிக் கூட்டம். கயிறு போட்டு வரிந்து கட்டிய பெரிய பெட்டியொன்றை ஓப்பநாயக்க பஜாரிலிருந்து இரண்டு பேர் தோட்டத்து ஏற்றத்தில் மூச்சிரைக்கச் சுமந்துகொண்டு வந்தார்கள். அதற்குள் என்னென்ன இருக்கிறது என்று நானே அடுக்கி வைத்ததுபோல எல்லாரிடமும் சொல்லிக்கொண்டு திரிந்தேன். பேசும் பொம்மை, ரேடியோ, தங்கச் சங்கிலி. எனக்கு அப்போது பத்து வயது. தொண்ணூறுகளின் கடைசிப் பக்கம். வெளிநாடு என்பது ஒரு பெட்டி என்றுதான் நினைத்திருந்தேன்.

பெட்டியில் வாசனைச் சவர்க்காரமும் பால்மா டின்களும் இரண்டு கம்பளியும் ஆளுக்கொரு துணியும் ஒரு பை பேரீச்சம்பழமும் இருந்தன. லயத்தில் ஒரு வீடு விடாமல் கொடுத்ததில் அந்த வாரத்துக்குள் எல்லாம் காலி. அதற்குப் பிறகுதான் சித்தி ஒவ்வொன்றாக ஊர்களை வெளியே எடுக்க ஆரம்பித்தாள். அவை மட்டும் தீரவே இல்லை.

சித்தி அம்மாவின் கூடப் பிறந்த தங்கச்சி. சித்தப்பா கொழும்புக்குக் கடை வேலைக்குப் போனவர். அங்கேயே வேறொரு குடும்பம் வைத்துக்கொண்டார். சித்திக்கு ஒரே மகள். நடக்கக்கூடத் தொடங்காத அந்தக் குழந்தையை அம்மாவின் கையில் கொடுத்துவிட்டுத்தான் சித்தி வீட்டு வேலைக்கு வெளிநாடு போனாள். நாங்கள் அந்தக் குழந்தையைப் பாப்பா என்போம். நான் அம்மா என்று கூப்பிடுவதைக் கேட்டு அவளும் அம்மா என்றே கூப்பிட்டாள். இராத்திரியில் அம்மாவின் முந்தானையைக் கையில் சுற்றிக்கொண்டால்தான் தூங்குவாள். சித்தி வந்திறங்கியபோது பாப்பாவுக்கு ஐந்து வயது. அம்மாவின் சேலைக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டு, "யாரும்மா இந்த அக்கா?" என்று கேட்டாள். கூட்டமே சிரித்தது. சித்தியும் சிரித்தாள்.

சித்தி இனித் திரும்பிப் போவதாக இல்லை. தோட்டத்தில் மறுபடி பேர் பதிந்து கொழுந்தெடுக்கப் போனாள். மேல் லயத்தில் குடியிருக்க ஒற்றை அறைக் காம்பரா ஒன்றும் கிடைத்தது. "பெத்தவ நீ. புள்ளையத் தூக்கிக்கிட்டுப் போகாம என்னா பாத்துக்கிட்டு இருக்க?" என்று லயத்துப் பெண்கள் கேட்டார்கள்.

"தூக்கிட்டுப் போறதுக்கு அது என்னா சாமானா? அதுவா வரட்டும்," என்றாள் சித்தி.

அம்மா அடுப்படியில் ரொட்டி தட்டிக்கொண்டிருந்தாள்.

வேலை முடிந்து குளித்துவிட்டுச் சித்தி நேரே எங்கள் வீட்டுக்கு வந்துவிடுவாள். வாசற்படியில் உட்கார்ந்து ஊர்களைச் சொல்வாள். அவள் வேலை செய்த வீட்டுக் கிழவிக்கு மலைப்பக்கம் சொந்தக்காரர்கள் அதிகமாம். வீட்டில் இருப்புக் கொள்ளாமல் ஜீப்பில் ஏறி ஒவ்வொரு ஊராகப் போய்க்கொண்டே இருப்பாளாம். சாப்பாட்டுச் சட்டிகளோடும் காப்பிப் போத்தலோடும் பின்சீட்டில் சித்தி.

"பாலவனம்னா மணலு மட்டும்னு நெனைக்காதீங்க. மலையும் இருக்கு. ஒரு புல்லுகூட இல்லாத மொட்ட மலை. காலையில பாத்தா சாம்பல் நெறம், பொழுது சாயிறப்ப செங்கல்லு நெறம். இதுல எவன் குடியிருப்பான்னு நெனைச்சுக்கிட்டே போனா, ஒரு வளைவு திரும்புனதும் திடீர்னு ஒரு ஊரு!"

நிஸ்வா என்று ஓர் ஊர். அங்கே பெரிய முரசைக் கவிழ்த்து வைத்த மாதிரி உருண்டையாக ஒரு கோட்டை. வெள்ளிக்கிழமை காலையில் ஆட்டுச் சந்தை. விற்கிறவர்கள் ஆட்டை இழுத்துக்கொண்டு வட்டமாக ஓடுவார்களாம், விலையைக் கத்திக்கொண்டே. பிடித்திருந்தால் வாங்குகிறவர் கையை நீட்டி ஆட்டைப் பிடித்து நிறுத்த வேண்டும். "ஒரு தடவ ஒரு கெடா எங்க கெழவியோட முக்காட்டயே கடிச்சு இழுத்துருச்சு," என்று சித்தி சொல்ல, நான் சிரித்துப் படியிலிருந்து கீழே விழுந்தேன்.

மிஸ்ஃபா என்று இன்னோர் ஊர். மலை விளிம்பில் தொங்கிக்கொண்டு இருக்குமாம். மண் வீடுகள் ஒன்றின் தலையில் ஒன்று. ஒருத்தர் வீட்டுக் கூரைதான் மேல்வீட்டுக்காரருக்கு முற்றம். மலையின் வயிற்றிலிருந்து வரும் தண்ணீர் சின்ன வாய்க்காலில் வீடுகளுக்கு நடுவே சலசலவென்று ஓடும். ஒவ்வொரு தோட்டத்துக்கும் முறை வைத்துத் திருப்பிவிடுவார்கள். அதற்கும் மேலே, காது அடைக்கிற உயரத்தில் பச்சை மலை. பாலைவனத்துக்கு மேலே இருந்தும் அங்கே குளிருமாம். நம் தேயிலை மலை மாதிரிப் படிப்படியாகக் கட்டி ரோஜா வளர்க்கிறார்களாம். "விடியக்காலையில பூ எடுப்பாங்க. அதப் பாத்தா எனக்குக் கை பரபரங்கும். நாலு செடியில நானும் எடுத்துக் குடுத்துட்டுத்தான் வந்தேன்."

"சித்தி, அங்க அட்டை கடிக்குமா?"

"மழையே பெய்யாத ஊருல அட்டை எங்கிட்டுடி வரும்?"

அட்டை இல்லாத மலை! மலை என்றால் காலில் இரத்தம் வழியத்தான் வேண்டும் என்று நினைத்திருந்த எனக்கு அன்று தூக்கமே வரவில்லை.

பாப்பா மட்டும் கதவுக்குப் பின்னால் நின்றுதான் கேட்பாள். மூக்கு நுனி தெரியும். சித்தி அதைப் பார்த்தும் பார்க்காததுபோல இருப்பாள். "சத்தமாச் சொல்லு. இங்க அடுப்படிக்குக் கேக்கல," என்று உள்ளேயிருந்து அம்மா குரல் கொடுப்பாள். அம்மாவுக்கும் ஊர்கள் மேல் இவ்வளவு ஆசையா என்று எனக்கு ஆச்சரியமாக இருக்கும்.

ஆகஸ்ட் விடுமுறையில் நான் மிஸ்ஃபாவைக் கட்டுவதென்று முடிவெடுத்தேன். பாப்பாதான் என் ஒரே கூலியாள். லயத்துக்குப் பின்னால், ஊற்றுத் தண்ணீர் விழும் பீலிக்குக் கீழே நல்ல சரிவு. மண்ணை வெட்டிப் படிகள் அமைத்தோம். ஒன்றின் தலையில் ஒன்றாக வீடுகள் வைத்தோம். பெரணி இலைகள் பேரீச்ச மரங்களாயின. கடைசியாக, வாய்க்காலுக்குத் தண்ணீர் வேண்டுமே என்று மூங்கிலைச் செருகிப் பீலியையே திருப்பினேன். தண்ணீர் ஊருக்குள் சலசலவென்று வந்தது. நாங்கள் கூத்தாடினோம். அடுத்த நிமிடம் ஊரை வாரிக்கொண்டு கங்காணியின் அவரைப் பந்தலுக்குள் இறங்கியது.

"எவடி பீலியத் திருப்புனது? கொடியெல்லாம் தண்ணிக்குள்ள நிக்குது!" கங்காணி சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு வந்தார்.

அந்த நேரம் பார்த்துச் சித்தி கூடையோடு மலையிலிருந்து இறங்கி வந்தாள். சேற்றில் நின்ற எங்களைப் பார்த்தாள். சரிந்து கிடந்த வீடுகளைப் பார்த்தாள். "நாந்தாங்க திருப்பச் சொன்னேன், கங்காணி அண்ணே. பந்தல நானே சரி பண்ணித் தாரேன்," என்றாள் கொஞ்சமும் கூசாமல். அவர் முணுமுணுத்துக்கொண்டு போனதும் கூடையை இறக்கி வைத்துவிட்டு, சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு சேற்றில் உட்கார்ந்துவிட்டாள்.

"வாய்க்கால இவ்வளவு அகலமாவா வெட்டுவாங்க? ஒரு சாண்தான் இருக்கணும். அந்தா, கோட்டையச் சதுரமாக் கட்டி வச்சிருக்க. உருண்டடி, உருண்ட!"

மிஸ்ஃபாவில் கோட்டை கிடையாது என்று எனக்குத் தெரியும். நிஸ்வாவையும் கொஞ்சம் சேர்த்துக்கொண்டிருந்தேன். சித்தி அதையெல்லாம் கேட்கவில்லை. கோட்டைக்கு மண் பிசைந்துகொண்டிருந்தவளின் முன்னால் ஒரு சின்னக் கை மண்ணுருண்டையை நீட்டியது.

"இந்தா," என்றாள் பாப்பா.

சித்தி வாங்கிக் கோட்டையின் உச்சியில் வைத்தாள். பாப்பா இன்னொன்று உருட்டிக் கொடுத்தாள். பிறகு, "அந்த ஊருக்குப் போவோமா?" என்று கேட்டாள். அவள் சித்தியிடம் கேட்ட முதல் கேள்வி அது.

சித்தி அந்த உருண்டையையும் உச்சியில் வைத்தாள். "போவோம்," என்றாள்.

மறுநாளே என்னையும் கூட்டிக்கொண்டு பஜாருக்குப் போனாள். கருவாட்டுக் கடை வைத்திருந்த முஸ்லிம் அண்ணனை எல்லாரும் நானா என்போம். அவரிடம் ஒரு வான் வண்டி இருந்தது. கதிர்காமத்துக்கும் கலியாண வீடுகளுக்கும் ஓடும்.

"நானா, மொட்ட மலையும் வெயிலுமா இருக்குற ஊரு இங்க எங்கயாச்சும் இருக்குங்களா?"

நானா தராசைக் கீழே வைத்துவிட்டார். "பயணம் போற எல்லாரும் நீர்வீழ்ச்சி காட்டச் சொல்லுவாங்க. வெயிலக் காட்டச் சொன்ன மொத ஆளு நீங்கதான் புள்ள." தாடியைத் தடவி யோசித்தார். "பலாங்கொடயால கல்தொட்டப் பக்கம் எறங்கிப் பாப்பம். இந்த மாசத்துல அங்க வெயிலும் கல்லும் காத்தும்தான் ஈக்குது."

ஞாயிற்றுக்கிழமை கிளம்பினோம். அப்பாவுக்குத் தேயிலைத் தொழிற்சாலையில் முறை வேலை. அம்மா வரவில்லை என்றாள், வீட்டில் வேலை கிடக்கிறதாம். அம்மா இல்லாமல் வானில் ஏறமாட்டேன் என்று பாப்பா தரையில் புரண்டதும் சேலை மாற்றிக்கொண்டு வந்தாள். நான் முன்சீட்டில் நானாவுக்குப் பக்கத்தில். என் வாழ்க்கையில் முதல் தடவையாகக் கோயிலுக்கோ சாவுக்கோ ஆஸ்பத்திரிக்கோ இல்லாமல் சும்மா பார்ப்பதற்கென்று ஒரு பயணம்! வான் பஜாரைத் தாண்டியபோது வீதியில் தெரிந்தவர், தெரியாதவர் எல்லாருக்கும் கை காட்டினேன்.

பலாங்கொடையில் ஆமிக்காரர்கள் மறித்து அடையாள அட்டை கேட்டார்கள். எங்கே போகிறீர்கள் என்று கேட்ட சிப்பாயிடம் சித்தி கணீரென்று சிங்களத்தில், "கல் பலன்ன யனவா," என்றாள், கல் பார்க்கப் போகிறோம் என்று. எங்கள் மாவட்டத்தில் கல் என்றால் மாணிக்கக் கல். இரண்டு பொம்பளைகளும் இரண்டு பிள்ளைகளும் ரொட்டிப் பார்சலோடு மாணிக்கம் வாங்கப் போகிற அழகைப் பார்த்துச் சிப்பாய் விழுந்து விழுந்து சிரித்தான். போகச் சொல்லிக் கையசைத்தான்.

கொஞ்ச தூரத்தில் தேயிலை நின்றுவிட்டது. பிறகு வீடுகள் குறைந்தன. வீதி வளைந்து வளைந்து கீழே இறங்க இறங்க, நான் பிறந்ததிலிருந்து பார்த்த பச்சை நிறம் ஒவ்வொரு வளைவிலும் கொஞ்சம் கொஞ்சமாகக் கழன்றது. புல் மஞ்சளானது. ஜன்னலில் வந்த காற்று அடுப்பு வாயிலிருந்து வருவது மாதிரிச் சுட்டது. ஒரு திருப்பத்தில், தலைக்கு மேலே செங்குத்தாக மொட்டைப் பாறை எழுந்து நின்றது. "சித்தி! செங்கல்லு நெறம்! செங்கல்லு நெறம்!" என்று நான் கத்திய கத்தலில் நானா பிரேக் போட்டுவிட்டார்.

இறங்கினோம். காற்று ஆளைத் தள்ளியது. வீதியோரத்தில் பாறைகள் யானைக் கூட்டம் மாதிரிக் கிடந்தன. கண்ணுக்கெட்டிய தூரம்வரை காய்ந்த காடு. அதன் நடுவே, துண்டாக வெட்டிப் போட்ட மாதிரி ஒரு பச்சை. வயல், தென்னை மரங்கள், பத்துப் பதினைந்து ஓட்டுக் கூரைகள்.

சித்தி வீதியோரம்வரை நடந்து போய்ப் பார்த்தாள். பிறகு அவளுக்குள் ஏதோ திறந்துகொண்டது போலக் கையை நீட்டி நீட்டிச் சொல்லத் தொடங்கினாள். "அந்தா! அப்பிடித்தான் இருக்கும். சுத்தி எல்லாம் காஞ்சு கெடக்கும், நடுவுல ஊரு மட்டும் பச்சப்பசேல்னு. இந்தப் பாறை விளிம்புல மிஸ்ஃபாவ வச்சுக்கங்க. அந்தா அதுக்கு மேல பச்சை மலை. அங்க ரோஜா." அவள் விரல் காட்டிய இடத்தில் எல்லாம் எனக்கு வீடுகள் தெரிந்தன. உண்மையாகவே தெரிந்தன. நானாகூடக் கண்ணைச் சுருக்கிக்கொண்டு பார்த்தார்.

"இதுதான் கோட்டை!" என்றொரு சத்தம் கேட்டது. திரும்பினால் பாப்பா. எங்களுக்குத் தெரியாமல் ஓர் உருண்டைப் பாறையின் உச்சியில் ஏறி நின்றாள். ஏறும்போது இல்லாத பயம், கீழே பார்த்ததும் வந்துவிட்டது. பாவாடை காற்றில் விசிறி அடித்தது. பாறைக்கு அந்தப் பக்கம் வெறும் பள்ளம். அவள் குந்தி உட்கார்ந்து, கல்லைப் பிடித்துக்கொண்டு வீறிட்டாள்.

"அம்மா!"

அம்மாவும் சித்தியும் ஒரே நேரத்தில் ஓடினார்கள். அம்மாதான் முன்னால். பாறைக்கு இன்னும் நாலைந்து அடிதான் இருக்கும், அம்மா சட்டென்று நின்றுவிட்டாள். யாரோ சேலையைப் பிடித்து இழுத்த மாதிரி நின்றாள். சித்தி அவளைத் தாண்டிக்கொண்டு போய், செருப்பை உதறிவிட்டுப் பாறையில் ஏறி இரண்டு கையையும் நீட்டினாள்.

"வா, சாமி."

பாப்பா ஒரு கணம் அம்மாவைப் பார்த்தாள். அம்மா அங்கிருந்தே தலையை ஆட்டினாள். அடுத்த கணம் பாப்பா சித்தியின் கழுத்தைக் கட்டிக்கொண்டு தொங்கினாள். சித்தி அவளை இறுக்கிப் பிடித்துக்கொண்டு பாறைமேலேயே உட்கார்ந்துவிட்டாள். அழுதாளா சிரித்தாளா தெரியாது, தோள் குலுங்கியது. கொஞ்ச நேரத்தில் இரண்டு பேரும் எதையோ காட்டிப் பேசத் தொடங்கினார்கள். அந்தப் பாறையில் எனக்கும் இடம் வேண்டும் என்று நான் துடித்தேன்.

ஆனால் அம்மா வானின் படியில் போய் உட்கார்ந்திருந்தாள், இந்தப் பக்கம் பார்க்காமல். கண்ணெல்லாம் தண்ணீர்.

"ஏம்மா நின்னுட்டீங்க? என்னாச்சு?"

"கால்ல முள்ளு குத்திருச்சு."

நான் தரையில் உட்கார்ந்து அம்மாவின் காலைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டேன். வலது காலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். பிறகு இடது காலை. வெடிப்புக்குள்ளும் விரல் இடுக்கிலும் தேடினேன். நல்ல வெளிச்சம், ஒன்றுமே இல்லை.

"முள்ளக் காணோமேம்மா."

"உள்ள போயிருச்சு போல. நீ ஓடு, போய் ஊரப் பாரு."

எனக்கு அவ்வளவு போதுமாக இருந்தது. அம்மாவின் காலை இறக்கி வைத்துவிட்டு, காற்றை எதிர்த்துக்கொண்டு, கத்திக்கொண்டே பாறையை நோக்கி ஓடினேன்.