உரக்கடை குடோனில் முதுகு வைத்தியம்

முதுகு வலி பார்க்கிற தொழிலில் ஒரு பெரிய சங்கடம்: வருகிறவருக்குக் காய்ச்சல் இருக்காது, கட்டு இருக்காது, ஒரு சொட்டு ரத்தம் இருக்காது, அதனால் அவர் வலிக்கிறது என்றால் வீட்டில் ஒருத்தரும் நம்ப மாட்டார்கள். குனிந்து செருப்பை மாட்டப் போய் அப்படியே நின்றுவிட்டவர்கள் இதைப் படிக்கிறவர்களிலும் இருப்பீர்கள். உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. நான் விழுப்புரத்துப் பெண். சென்னையில் பிசியோதெரபி படித்துவிட்டு, எண்பதுகளின் கடைசியில், இடஒதுக்கீட்டுப் போராட்டம் எங்கள் பக்கத்தை உலுக்கிக்கொண்டிருந்த நேரத்தில், கள்ளக்குறிச்சியில் தனியாகக் கடை போட்டேன்.

மாடிப்படி

கடைவீதியில் ஓர் உரக்கடைக்கு மேலே அறை காலியாக இருந்தது. நல்ல வெளிச்சம், நல்ல காற்று. கட்டில் வாங்கிப் போட்டேன். ‘முதுகு, கழுத்து வலிக்குச் சிகிச்சை’ என்று போர்டு மாட்டினேன். மூன்று நாள் ஈ ஓட்டினேன்.

நாலாம் நாள் முனகல் சத்தம் கேட்டு எட்டிப் பார்த்தேன். ஒரு பெரியவர் நாலாவது படியில் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தார். மேலே இன்னும் பதினான்கு படி இருந்தது. “மெதுவா ஏறி வாங்க ஐயா” என்றேன். அண்ணாந்து என்னைப் பார்க்கக்கூட முடியாமல், சுவரைப் பார்த்தே அவர் சொன்னார்:

“இந்தப் படிய ஏற முடிஞ்சா நான் ஏம்மா உன்னாண்ட வரேன்?”

தகுதி

அன்று சாயங்காலமே கடைக்காரரிடம் பேசி, கீழே யூரியா மூட்டை அடுக்கியிருந்த குடோனில் பாதியைக் கேட்டு வாங்கினேன். வாடை கண்ணைக் கரிக்கும். ஆனாலும் ஆட்கள் வர ஆரம்பித்தார்கள். வந்தவர்கள் யாரும் என் படிப்பைக் கேட்கவில்லை. எங்கள் பக்கத்தில் சுளுக்கு என்றால் இரட்டைப் பிள்ளை பெற்றவள் நீவ வேண்டும். இடுப்புப் பிடிப்பு என்றால், பிறக்கும்போது கால் முதலில் வெளியே வந்தவர் மிதிக்க வேண்டும். வேறு யார் தொட்டாலும் கேட்காது.

சின்னசேலத்திலிருந்து பஸ் ஏறி வந்த ஓர் அம்மாள் கட்டிலில் உட்காருவதற்கு முன்பே விசாரணையைத் தொடங்கிவிட்டார். “ரெட்டப்புள்ள பெத்தவங்களா?” கல்யாணமே ஆகவில்லை என்றேன். “அப்ப காலால பொறந்தவங்களா?” தலையால்தான் என்றேன். விடக் கூடாதென்று, சுவரில் மாட்டியிருந்த பட்டத்தைக் காட்டி, அது என்ன, எத்தனை வருஷப் படிப்பு என்று மூச்சுவிடாமல் சொன்னேன். கண்ணாடிச் சட்டத்தை அந்த அம்மாள் மேலும் கீழும் பார்த்தார்.

“ஏதோ ஒண்ணு இருக்குதில்ல, சரி, புடிங்க.”

மலைப்பாதை

வெள்ளிமலையிலிருந்து ஒரு சாமை விவசாயி வருவார். ஒவ்வொரு தடவையும் நிமிர்ந்து நடந்து போவார். அடுத்த தடவை பழையபடி கோணிக்கொண்டு வந்து நிற்பார். ஐந்தாவது தடவை எனக்குப் பொறுக்கவில்லை. வீட்டில் மூட்டை தூக்குகிறீர்களா, கொத்துகிறீர்களா, எதை மறைக்கிறீர்கள் என்று சத்தம் போட்டேன். அவர் கொஞ்சமும் கோபப்படவில்லை. ஜீப்பின் பின்பலகையில் பன்னிரண்டு பேரோடு ஒண்டிக்கொண்டு ஒவ்வொரு வளைவாக ஏறுவதை நிதானமாக விவரித்துவிட்டு முடித்தார்:

“நீங்க கீழ எடுத்து வுடறத, ஜீப்பு மேல போறதுக்குள்ள திருப்பி வெச்சிடுதுங்க.”

அஞ்சலை வந்தாள்

ஓர் ஆவணி மாதம், வடக்கனந்தலிலிருந்து அஞ்சலையை மாட்டுவண்டியில் வைக்கோல் பரப்பிப் படுக்கவைத்துக் கொண்டுவந்தார்கள். முப்பத்தைந்து வயது இருக்கும். மல்லாட்டை என்று நாங்கள் சொல்கிற நிலக்கடலை மூட்டையைத் தூக்கும்போது இடுப்பு பிடித்துக்கொண்டது. அதோடு விட்டிருந்தால் எனக்குப் பாதி வேலைதான். காலால் பிறந்த பங்காளி ஒருவரை அழைத்து மூன்று மிதி மிதிக்க வைத்திருக்கிறார்கள். அந்தப் பங்காளியும் வண்டியோடு வந்து, மூட்டைகளுக்குப் பின்னால் ஒதுங்கி நின்றிருந்தார். அவரைத் திட்டிய திட்டில் உரக்கடைக்காரரே எழுந்து வந்து பார்த்தார். எக்ஸ்ரே எடுக்க வைத்து, எலும்பு டாக்டரிடம் காட்டி, ஆபரேஷன் வேண்டாம் என்று அவர் சொன்ன பிறகுதான் நான் கை வைத்தேன்.

அஞ்சலையும் அவள் கணவர் வீரமுத்துவும் கரும்பு வெட்டுகிற கூட்டத்தில் ஒரு ஜோடி. அந்தக் கூட்டத்தில் ஆண் வெட்டுவார். பெண் கட்டுக் கட்டி, தலையில் சுமந்து, பலகை ஏறி லாரியில் போடுவாள். மேஸ்திரி ஜோடியாகத்தான் ஆள் எடுப்பார். கார்த்திகையில் அவர் பேர் எழுதும்போது அஞ்சலை எழுந்து நிற்காவிட்டால் இரண்டு பேர் வேலையும் போய்விடும். வருஷம் முழுக்க அந்த வீட்டில் உலை கொதிப்பது அந்த ஐந்து மாத வேலையில்தான். வாரம் இரண்டு தடவை வர வேண்டும், ஒரு தடவை தவறினாலும் முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டியிருக்கும் என்று சொன்னேன். பின்பாதி பொய். பயம் காட்டாவிட்டால் வர மாட்டாள் என்று நினைத்தேன். குப்புறப் படுத்தபடி அவள் சொன்னாள்:

“கார்த்திகைக்கு நான் நிக்கணுங்க மேடம். மீதி நீங்க இன்னா சொன்னாலும் செய்யறேன்.”

பத்தும் நூறும்

சொன்னபடியே செய்தாள். வண்டியில் படுத்து வந்தவள் மூன்றாவது வாரம் பஸ்ஸில் உட்கார்ந்து வந்தாள். குப்புறப் படுத்து, கையை ஊன்றி நெஞ்சைத் தூக்கும் ஒரு பயிற்சி உண்டு. காலை பத்து, மாலை பத்து என்று சொல்லி அனுப்பியிருந்தேன். அடுத்த தடவை வந்தபோது இரண்டு தோளும் வீங்கி, சீப்பை எடுத்துத் தலை வார முடியவில்லை. எத்தனை செய்தாய் என்று கேட்டேன். வீரமுத்துதான் நூறு என்று காட்டிக்கொடுத்தார். பத்து என்றால் பத்துதான், நான் என்ன கிறுக்கியா என்று கத்தினேன். அவளும் விடவில்லை:

“பத்து உங்களுக்குங்க மேடம். நான் ஒரு நாளைக்கு நூறு கட்டு தூக்கறவ.”

மரம் விழுந்த வாரம்

புரட்டாசியில் மறியல் வந்தது. படிப்பிலும் வேலையிலும் இடஒதுக்கீடு கேட்டவர்கள் ரோட்டோரப் புளியமரங்களை வெட்டிக் குறுக்கே போட்டுவிட்டார்கள். பஸ் இல்லை, பால் இல்லை, கடைவீதி முழுக்க ஷட்டர் இறங்கிவிட்டது. நான் குடோனுக்குப் பின்னால் இருந்த அறையிலேயே தங்கியிருந்தேன். அன்று அஞ்சலை வர வேண்டிய நாள். எப்படியும் வர முடியாது, ஒரு நாள் ஓய்வாவது எடுப்பாள் என்று நிம்மதியாக இருந்தேன்.

பகல் பதினோரு மணிக்கு ஷட்டரைத் தட்டினார்கள். வெளியே அஞ்சலை, சேலை வியர்வையில் நனைந்திருக்க நேராக நின்றாள். பின்னால் சோற்றுத் தூக்கோடு வீரமுத்து. ஆறேழு மைல் நடந்து வந்திருக்கிறார்கள். உனக்குப் புத்தி கெட்டுவிட்டதா, இத்தனை நாள் செய்ததெல்லாம் வீணாகிவிட்டால் என்ன செய்வாய் என்று நான் பாய்ந்தேன். “நீங்கதான ஒரு தடவ வுட்டா மொதல்லேர்ந்துன்னீங்க” என்றாள். என் பொய்யை நம்பி ஒரு மனுஷி அவ்வளவு தூரம் நடந்திருக்கிறாள். வெட்கமாக இருந்தது. படுக்கவைத்துப் பார்த்தேன். காலை நீட்டித் தூக்கினேன், முழுசாக ஏறியது. எழுந்து நின்று குனியச் சொன்னேன், முழங்காலைத் தாண்டிக் கை இறங்கியது. வலி இருக்கிறதா என்றேன். பாதம் மட்டும் எரிகிறது என்றாள். நான் அழுதுவிட்டேன், அதைச் சொல்ல எனக்குக் கூச்சமில்லை. என்னைத் தேற்றுவதற்காகவோ என்னவோ, வழியில் நடந்ததை அவள் சொன்னாள். மோட்டார் சைக்கிளோடு ஒரு மரத்தருகே மாட்டிக்கொண்டு நின்ற மேஸ்திரி அவளைப் பார்த்துவிட்டாராம்.

“‘இடுப்பு ஒடஞ்சவன்னு சொன்னாங்க, நீ மரத்த ஏறித் தாண்டிப் போற, என் வண்டி இங்கியே நிக்குது, இதுக்கு மேல உனக்கு நான் இன்னா பாக்கறது’ன்னு அங்கியே பேர எழுதிக்கினாருங்க.”

ஒரே பெஞ்சு

மறியல் முடிந்த அடுத்த வாரம் எனக்குக் கூட்டம் தாங்கவில்லை. மரத்தை வெட்டி இழுத்துப் போட்டவர்களுக்கு இடுப்பு போயிருந்தது. அதைத் தூக்கி ஓரம் போட்ட போலீஸ்காரர்களுக்கும் போயிருந்தது. குடோனில் இருந்ததோ ஒரே பெஞ்சு. ஒரு நாள் காலை அதன் ஒரு முனையில் ஒரு வாலிபர், மறுமுனையில் ஒரு கான்ஸ்டபிள். இருவரும் யூரியா மூட்டையில் இருந்த எழுத்தை வெகுநேரம் படித்துக்கொண்டிருந்தார்கள். எந்த இடத்தில் பிடித்தது என்று நான் கேட்டேன். உடம்பில் எந்த இடம் என்ற அர்த்தத்தில்தான் கேட்டேன். கான்ஸ்டபிள் ஊர் பேரைச் சொல்லி, ஏரிக்கரைத் திருப்பம், மரத்தின் அடிப்பக்கம் ரொம்ப கனம், நாலு பேர் சேர்ந்தும் அசைக்க முடியவில்லை என்றார். வாலிபர் தலையைத் திருப்பாமல், கொஞ்சம் வருத்தமாகவே சொன்னார்:

“அத்த வெட்டறதுக்கே எங்களுக்கு அரை நாள் ஆச்சுங்க சார்.”

சும்மாடு

பேர் எழுதியாகிவிட்டது, ஆனால் பாரம் அப்படியே இருந்தது. அந்த வருஷம் முழுக்க அஞ்சலையின் தலையில் ஒரு கட்டுகூட ஏறக் கூடாது என்று நான் கண்டிப்பாகச் சொல்லிவிட்டேன். சுமக்காமல் கூட்டத்துக்கு எப்படிப் போவது என்று அவள் என்னோடு மல்லுக்கு நின்றாள். இரண்டு பேரும் கத்தி ஓய்ந்த பிறகு, அந்தச் சண்டையில் தலையிடாமல் பெஞ்சில் உட்கார்ந்திருந்த வீரமுத்து, தானே வெட்டி, தானே சுமப்பதாகச் சொன்னார். அஞ்சலை உட்கார்ந்தபடி கரும்பின் தோகை கழித்துக் கட்டுக் கட்டினால் போதும். முதுகை வளைக்காமல் எப்படி உட்கார்ந்து எழுவது என்று அவளுக்கும், கட்டை எப்படித் தூக்குவது என்று அவருக்கும் குடோனில் யூரியா மூட்டையை வைத்தே பழக்கினேன்.

சொல்லுவது சுலபம். சுமப்பது பெண்கள் வேலை என்று இருக்கிற கூட்டத்தில், துணியைச் சுற்றித் தலையில் சும்மாடு வைத்துக்கொண்டு ஓர் ஆண் பலகை ஏறினால் என்ன பேச்சு வரும் என்று எனக்குத் தெரியும். அந்த மனுஷன் பாதியில் விட்டுவிட்டால் அஞ்சலை அன்றே கட்டைத் தூக்கித் தலையில் வைத்துவிடுவாள். மார்கழியில் ஒரு நாள் வீரமுத்து மட்டும் வந்தார். பின்னால் அஞ்சலை வருகிறாளா என்று எட்டிப் பார்த்தேன். கழுத்து கொஞ்சம் இறுகியிருக்கிறது, நீவிவிட வேண்டும் என்றார். அஞ்சலை எப்படி இருக்கிறாள் என்றேன். நன்றாக இருக்கிறாள், கட்டு ஒன்றையும் தொடவில்லை என்றார். கூட்டத்தில் யாரும் சிரிக்கவில்லையா என்று தயங்கிக் கேட்டேன்.

“சிரிக்கறவன் சிரிச்சிக்கினு போறானுங்க மேடம், எனக்கு சும்மாடுதான் ஒழுங்கா சுத்த வரல, டெய்லி காலைல அவதான் சுத்திக் குடுக்கறா.”

கழுத்தையும் முதுகையும் பிடித்துவிட நான் வருஷக்கணக்கில் படித்தேன், ஆனால் அஞ்சலைக்குச் சரியான மருந்து, நாங்கள் கத்தி ஓயும்வரை வாய் திறக்காமல் என் பெஞ்சில் உட்கார்ந்திருந்தது.